சுடுமணலில் நடக்கும் பாதங்கள்

பெரிய வியாழன் மாலையில் பன்னிருவரின் பாதங்களைக் கழுவுகின்ற சடங்கு எமது ஆலயங்களில் ஆண்டுதோறும் நடைபெறுகின்றது. குருவானவர் முழந்தாளிட்டு, ஒவ்வொருவரது பாதத்தையும் கையில் ஏந்தி, நீர் வார்த்துத் துடைக்க வேண்டும். மனிதரின் முகத்தை நாம் அன்றாடம் பார்க்கின்றோம். அவரது பாதத்தை இவ்வளவு அருகில் பார்க்கின்ற வாய்ப்பு ஆண்டில் ஒருநாள்தான் எமக்குக் கிடைக்கின்றது. 2016ஆம் ஆண்டில் திருத்தந்தை பிரான்சிஸ் இச்சடங்கில் பெண்களையும் சேர்த்துக்கொள்ள வழிசெய்த பின்னர், தாய்மாரின் பாதங்களையும் பார்க்கின்றோம்.

திருகோணமலைத் துறைமுகத்துக்கு வடக்கே, நிலாவெளிப் பக்கமாகவுள்ள கரையோரக் கிராமம் ஒன்றில் சில ஆண்டுகளுக்கு முன் அவ்வாறு நாம் கண்ட பாதங்களை இன்னும் மறக்க முடியவில்லை. குதிக்கால் பிளந்து, பிளவுக்குள் மண் அடைந்த பாதங்கள். நகம் கறுத்த பெருவிரல்கள். விரலிடுக்கிலே வெளுத்து ஊறிய சேற்றுப்புண். ஏழாவதாக அமர்ந்திருந்தவர் கரைவலை இழுக்கும் தொழிலாளி. ஐம்பது வயதைக் கடந்தவர். அவரது வலது பாதத்தில் நீர் வார்த்தபோது சட்டியிலே நீர் சிவந்தது. பாதத்தைத் திருப்பிப் பார்த்தோம். பெருவிரலின் அடிப்புறத்தில் ஒரு சிப்பித் துண்டு ஏறியிருந்தது. அதைச் சுற்றிச் சீழ் கட்டியிருந்தது.

"இது எப்ப குத்தினது?" என்று மெதுவாகக் கேட்டோம்.

"எது சுவாமி?" என்றார் அவர்.

பூசை முடிந்தபின் அவருடன் பேசினோம். எட்டு ஆண்டுகளாக அவருக்குச் சீனி வருத்தம். "கடல்காரனுக்குச் செருப்பென்ன சுவாமி? சுடுமணலிலை நடந்து நடந்து கால் உரமேறிப் போச்சு. இப்ப ஒண்டும் சுடுறதில்லை" என்று சற்றுப் பெருமையுடனேயே சொன்னார். கால் உரமேறியதென அவர் எண்ணியிருந்தது உண்மையில் கால் உணர்விழந்ததாகும். அடுத்த வாரம் அவர் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டார். இரண்டு விரல்கள் அகற்றப்பட்டன. இன்று அவர் நிழலில் இருந்து வலை பொத்துகின்றார். உயர்தரம் படித்துக்கொண்டிருந்த அவரது மகன் படிப்பை நிறுத்திவிட்டுத் தகப்பனின் இடத்தில் நின்று கயிறு இழுக்கின்றான்.

ஒரு சோடி செருப்பு இதனைத் தடுத்திருக்குமா? தடுத்திருக்கும் என்றே நாம் நம்புகின்றோம். ஆனால் எந்தச் செருப்பும் அல்ல. வெப்பமும் மணலும் வியர்வையும் நிறைந்த எமது கரையோரத்தில் எத்தகைய பாதணி காலைக் காக்கும், எத்தகையது கெடுக்கும் என்பதை அறிந்து தெரிவுசெய்ய வேண்டும். அதனைப் பற்றியே இங்கு சிந்திக்க விரும்புகின்றோம்.

பாதம் என்னும் பாரந்தாங்கி

மனித உடலில் 206 எலும்புகள் உள்ளன. அவற்றில் 52, அதாவது நான்கில் ஒரு பங்கு, எமது இரு பாதங்களிலேயே அமைந்திருக்கின்றன. ஒவ்வொரு பாதத்திலும் 26 எலும்புகள். அவை தசைநார்களால் பிணைக்கப்பட்டு, நடுவில் ஒரு வளைவாக நிற்கின்றன. பாலத்தின் வளைவு பாரத்தைத் தாங்குவதைப் போல இவ்வளைவு உடலின் பாரத்தைத் தாங்குகின்றது. நாம் அடியெடுத்து வைக்கும்போது குதி முதலில் நிலத்தைத் தொடுகின்றது. பின்னர் பாரம் பாதத்தின் வெளிப்புறமாக முன்னோக்கிச் சென்று, இறுதியில் பெருவிரல் நிலத்தை உந்தித் தள்ளுகின்றது. இவ்வசைவுக்கு இடம் கொடுப்பதே நல்ல பாதணி. இதனைத் தடுப்பது எவ்வளவு விலையுயர்ந்ததாயினும் கெட்ட பாதணியே.

எமது மாவட்டத்தின் காலநிலை இப்பாரந்தாங்கிக்கு மேலும் சுமையேற்றுகின்றது. கச்சான் காற்று வீசுகின்ற மாதங்களில் நண்பகல் நேரத்து உலர்மணல் 50 பாகை செல்சியஸைத் தாண்டக்கூடியது. அத்தகைய வெப்பம் சில நிமிடங்களுக்குள் தோலைச் சுட்டுவிடும். தார் வீதியும் அவ்வாறே கொதிக்கின்றது. வெப்பத்தினால் மாலையாகும்போது பாதம் சற்று வீங்குகின்றது. வியர்வையினால் விரலிடுக்கு ஊறுகின்றது. பின்னர் உப்புக் காற்றிலும் வெயிலிலும் தோல் வரண்டு, குதி வெடிக்கின்றது. குளிர்நாட்டவருக்கென வடிவமைத்த மூடிய சப்பாத்தும் எமக்கு முற்றிலும் பொருந்தாது. குளியலறைக்கென வந்த மெல்லிய சிலிப்பரும் போதாது. எமக்குத் தேவையானது இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஒன்று.

வெறுங்காலில் நடப்பது பிழையா?

"எங்கள் பாட்டன் பூட்டன் செருப்பா போட்டார்கள்? அவர்கள் திடகாத்திரமாக வாழவில்லையா?" என்று பெரியவர்கள் கேட்பதுண்டு. இக்கேள்வியில் நியாயம் இருக்கின்றது.

தென்னிந்தியாவின் மணிப்பால் பகுதியில் ராவ், ஜோசப் என்னும் இரு வைத்தியர்கள் நான்கு முதல் பதின்மூன்று வயது வரையான 2,300 சிறுவர்களின் பாதங்களைச் சோதித்து, 1992ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். பாதணி அணிந்து வளர்ந்த சிறுவர்களில் நூற்றுக்கு 8.6 பேருக்குத் தட்டைப் பாதம் காணப்பட்டது. வெறுங்காலுடன் வளர்ந்தோரில் அது நூற்றுக்கு 2.8 பேருக்கே இருந்தது. பாதணி அணிந்தோருக்குள்ளும், முன்புறம் மூடிய சப்பாத்து அணிந்தவர்களிடமே தட்டைப் பாதம் கூடுதலாக இருந்தது. செருப்பும் சிலிப்பரும் அணிந்தவர்களிடம் குறைவாக இருந்தது. வளருகின்ற பாதத்துக்கு விரல்களை விரித்து, நிலத்தைப் பற்றி நடக்கின்ற சுதந்திரம் வேண்டும் என்பதை இது காட்டுகின்றது. ஆகவே வீட்டினுள்ளும், துப்புரவான முற்றத்திலும், காலை வேளை ஈர மணலிலும் சிறுவர் வெறுங்காலுடன் ஓடி விளையாடுவதைத் தடுக்கவேண்டியதில்லை.

ஆனால் பாட்டன் நடந்த நிலம் வேறு. இன்றைய நிலம் வேறு. உடைந்த போத்தலும், துருப்பிடித்த ஆணியும், தூண்டில் முள்ளும், தகரத் துண்டும் எமது கரையெங்கும் கிடக்கின்றன. துருவேறிய ஆணி குத்தினால் ஏற்புவலி வரலாம். மலம் கலந்த ஈரமண்ணில் வாழும் கொழுக்கிப்புழுவின் குடம்பிகள் வெறுங்காலின் தோலைத் துளைத்தே உடலுக்குள் நுழைகின்றன. 1916ஆம் ஆண்டளவில் றொக்பெல்லர் நிறுவனத்தார் இலங்கையின் தோட்டப் பகுதிகளில் இப்புழுவை ஒழிக்கும் இயக்கத்தைத் தொடங்கினர். வெறுங்கால் நடையும் திறந்தவெளி மலங்கழித்தலும் சேருமிடத்திலேயே இப்புழு வாழ்கின்றது.

பாம்புக்கடியையும் மறந்துவிட முடியாது. 2012, 2013ஆம் ஆண்டுகளில் நாடு முழுவதும் வீடுவீடாக நடத்தப்பட்ட ஆய்வொன்று, இலங்கையில் ஓராண்டில் ஏறக்குறைய 80,000 பேர் பாம்புக்கடிக்கு உள்ளாகின்றனர் என்றும், 400க்கு மேற்பட்டோர் இறக்கின்றனர் என்றும் மதிப்பிட்டது. வயலிலும் வழியிலும் நேரும் கடிகள் பெரும்பாலும் பாதத்திலும் கணுக்காலிலுமே விழுகின்றன. தம்பலகாமத்தின் வயல் வரம்பில் இருட்டில் நடக்கும் விவசாயிக்கு இதை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆகவே வெறுங்கால் நடை பாவமுமல்ல, வீரமுமல்ல. எங்கே நடக்கின்றோம், யார் நடக்கின்றோம் என்பதைப் பொறுத்தது.

"பாட்டா" போதுமா?

செக் நாட்டின் ஸ்லின் நகரிலே 1894ஆம் ஆண்டில் தோமஸ் பாட்டாவும் அவருடைய உடன்பிறந்தாரும் தொடங்கிய பாதணிக் கம்பனியின் பெயர், எமது பேச்சு வழக்கில் வார் வைத்த இறப்பர் சிலிப்பருக்கே பெயராகிவிட்டது. எந்தக் கம்பனி செய்திருந்தாலும் எமது மக்களுக்கு அது "பாட்டா"தான். மலிவானது, நீரில் நனையலாம், மணல் ஒட்டாது, கழற்றி மாட்டுவது எளிது. கிணற்றடிக்கும் மலசலகூடத்துக்கும் அதைவிட ஏற்றது வேறில்லை.

ஆயினும் நாள் முழுவதும் நடப்பதற்கும் நிற்பதற்கும் அது உகந்ததல்ல. பின்புறம் வார் இல்லாததால், சிலிப்பர் கழன்று போகாதபடி ஒவ்வோர் அடியிலும் விரல்களால் அதனை இறுக்கிப் பிடித்துக்கொண்டே நடக்கின்றோம். 2008ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஒபேர்ண் பல்கலைக்கழகத்தார் செய்த ஆய்வில், இத்தகைய சிலிப்பர் அணிந்தோர் அடிகளைக் குறுக்கி வைப்பதும் அவர்களது நடையே மாறிப்போவதும் கண்டறியப்பட்டன. இதனால் கெண்டைக்காலும் உள்ளங்காலும் நோகின்றன. காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது குதியில் ஊசி குத்துவதுபோல் நோகின்றதெனப் பல தாய்மார் எம்மிடம் முறையிடுவதுண்டு. பலநாள் தேய்ந்து, குதிப்பக்கம் கடதாசி போலாகிவிட்ட சிலிப்பரையே அவர்கள் அணிந்திருப்பார்கள். அத்தகைய அடியை முள்ளும் ஆணியும் எளிதில் துளைத்துவிடும்.

மேலும் ஒரு கணக்குண்டு. ஒரு மாதர் சங்கக் கூட்டத்தில், ஆண்டொன்றுக்கு எத்தனை சோடி சிலிப்பர் வாங்குகின்றீர்கள் என்று கேட்டோம். மூன்று என்றும் நான்கு என்றும் பதில் வந்தது. அந்த நான்கு சோடியின் விலையை ஒன்றாகக் கூட்டிப் பார்த்த சகோதரி ஒருவர், "இந்தக் காசுக்கு நல்ல செருப்பொண்டு வாங்கி ரெண்டு வருசம் போட்டிருக்கலாமே" என்றார். மலிவு என்று நாம் எண்ணுவது பலவேளை மலிவல்ல என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

எமது கிராமங்களில் பிள்ளையின் காலை ஓர் ஈர்க்கினால் அளந்து, அதை முறித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தகப்பன் பட்டணம் செல்வது வழக்கம். ஈர்க்கு நீளத்தைச் சொல்லும், அகலத்தைச் சொல்லாது. அதனிலும் சிறந்த வழியொன்று உண்டு. பழைய பத்திரிகைத் தாளைத் தரையில் விரித்து, அதன்மேல் பிள்ளையை நிற்கச்செய்து, இரு பாதங்களையும் சுற்றிப் பென்சிலால் கோடு வரையுங்கள். அத்தாளைக் கடைக்கு எடுத்துச் சென்று, பாதணியைக் கோட்டின்மேல் வையுங்கள். கோடு பாதணியின் அடிக்கு வெளியே தெரியுமாயின் அதனை வாங்க வேண்டாம். செருப்புக்காகக் காலைத் தறிக்க முடியாதல்லவா?

கடையில் நின்று செய்யக்கூடிய சோதனைகளை வரிசையாகத் தருகின்றோம்.

1. மாலையில் வாங்குங்கள். பாதம் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில் பொருந்துவது எந்நேரமும் பொருந்தும். இரு கால்களிலும் அணிந்து, எழுந்து நின்று, கடைக்குள் நடந்து பாருங்கள். பலருக்கு ஒரு பாதம் மற்றையதைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கும். பெரிய பாதத்துக்கு ஏற்றதையே எடுக்க வேண்டும்.

2. மிக நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு பெருவிரல் அகலத்துக்கு இடம் இருக்க வேண்டும். விரல்கள் ஒன்றையொன்று நெருக்காமல் விரிய வேண்டும். கூர்முனைச் சப்பாத்து கால் ஆணியையும் பெருவிரல் கோணலையும் உண்டாக்கும்.

3. பாதணியை இரு கைகளாலும் பிடித்து வளையுங்கள். விரல்கள் மடிகின்ற இடத்தில் அது வளைய வேண்டும். நடுவில் இரண்டாக மடியுமாயின் அது பாத வளைவைத் தாங்காது. துணியைப் பிழிவதுபோல் முறுக்கினால் எளிதில் முறுகுவதும் உறுதியற்றதே.

4. பின்புறம் வார் இருக்க வேண்டும். முன்புற வார் அகலமானதாகவும், கூட்டிக் குறைக்கக் கூடியதாகவும் இருப்பது நல்லது. மணல் புகுந்தால் ஒட்டும் பட்டி பிடிக்காமற் போகும். இரும்புக் கொளுவி உப்பில் துருப்பிடிக்கும். கரையோர மக்களுக்குப் பிளாஸ்ரிக் கொளுவி வைத்த வாரே நெடுநாள் உழைக்கும்.

5. உள்அடியைப் பெருவிரலால் அழுத்திப் பாருங்கள். அது தாழ்ந்து, விரலை எடுத்தவுடன் மீண்டும் எழ வேண்டும். கல்லைப்போல் இருந்தாலும் தீது; பஞ்சுபோல் அமிழ்ந்துவிட்டாலும் தீது. குதியின் உயரம் இரண்டு விரலளவைத் தாண்டக்கூடாது.

6. வெளிஅடி நல்ல இறப்பராக இருக்க வேண்டும். அதில் பள்ளமும் மேடுமான வெட்டு இருந்தால்தான் ஈரமான இறங்குதுறைப் படியிலும் மீன் கழுவும் சீமெந்துத் தரையிலும் வழுக்காது.

7. உள்ளே கையை விட்டுத் தடவுங்கள். தையல் முடிச்சோ ஆணி முனையோ தட்டுப்படக்கூடாது.

பொருளைப் பற்றியும் ஒரு வார்த்தை. தோற்பாதணி காற்றோட்டம் உடையது, வியர்வையை உறிஞ்சும். ஆனால் கடல்நீரில் நனைந்து காய்ந்தால் விறைத்து வெடித்துவிடும். கடினமான பிளாஸ்ரிக் பாதணி வெப்பத்தைத் தேக்கி, வியர்வையில் வழுக்கி, தோலை உரசும். இலேசான நுரை இறப்பரால் செய்தவை காலுக்கு இதமானவை. ஆயினும் சில மாதங்களில் அவை அமிழ்ந்து தட்டையாகிவிடுவதால் இடையிடையே அழுத்திப் பார்த்து மாற்ற வேண்டும். பெருநாளுக்கென அலுமாரியில் பூட்டி வைத்த சப்பாத்தின் அடி, ஒருநாள் எடுத்து அணிந்தவுடன் பொருக்குப் பொருக்காக உதிர்ந்துபோவதைப் பலர் அனுபவித்திருப்பீர்கள். பொலியூரத்தேன் என்னும் பொருள் எமது காற்றின் ஈரத்தினால் மெல்ல மெல்லச் சிதைவதே அதற்குக் காரணம். வாங்கிய பாதணியை அணிவதே அதற்குச் செய்யும் மரியாதை!

பழைய பாதணியை எப்போது கழிப்பது? அதை ஒரு மேசைமேல் வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள். ஒருபக்கம் சாய்ந்து நின்றால் உங்கள் கணுக்காலும் முழங்காலும் அவ்வாறே சாய்ந்து நடக்கின்றன என்பது பொருள். குதிப்பக்கம் மழுங்கி, வெட்டு மறைந்துவிட்டாலும் காலம் முடிந்ததென்றே கொள்ளவேண்டும்.

தொழிலுக்கேற்ற பாதணி

கரைவலை இழுப்போர் மணலில் குதியை ஊன்றியே கயிறு இழுக்கவேண்டும். அவர்களுக்குக் கழலாத பின்வார் செருப்பே பொருந்தும். நீரில் இறங்கும்போதும் அதனைக் கழற்ற வேண்டாம். மணலுக்குள் பதுங்கியிருக்கும் திருக்கையும், முருகைக்கல்லின் விளிம்பும், மட்டியும் வெறுங்காலுக்காகவே காத்திருப்பவை. கிண்ணியாவிலும் மூதூரிலும் களப்பில் இறங்கி மட்டியும் இறாலும் பொறுக்குகின்ற சகோதரிகளுக்கும் இது பொருந்தும். வேலை முடிந்ததும் நன்னீரில் காலையும் செருப்பையும் கழுவி, விரலிடுக்கைத் துடைத்து உலர்த்த வேண்டும்.

சேற்று வயலில் பாதணி அணிந்து வேலை செய்வது கடினம் என்பதை நாம் அறிவோம். எனினும் வரம்பில் நடக்கும்போதும் இருட்டில் செல்லும்போதும் கணுக்காலை மூடிய சப்பாத்து வேண்டும். காலில் சிறு கீறல் இருந்தாலும் மூடிக் கட்டாமல் சேற்றில் இறங்கக்கூடாது. எலிக்காய்ச்சல் அக்கீறல் வழியாகவே நுழைகின்றது. பயிர்ச்செய்கைக் காலத்தில் அதற்கான தடுப்பு மாத்திரை பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டறியலாம்.

சீனன்குடாவின் மா ஆலையிலும் சீமெந்து ஆலையிலும், பட்டணத்துக் கடைகளிலும் நாள் முழுவதும் சீமெந்துத் தரையில் நிற்போருக்கு மென்மையான உள்அடி முதன்மையானது. மூடிய சப்பாத்து அணியவேண்டியவர்கள் பருத்திக் காலுறை அணிந்து, அதனை நாள்தோறும் துவைக்க வேண்டும். இயலுமானால் இரண்டு சோடி வைத்து மாறிமாறி அணிவது நல்லது. நனைந்த சப்பாத்து உலர ஒரு முழுநாள் செல்லும்.

பாடசாலைப் பிள்ளைகளின் சப்பாத்து பற்றியும் பெற்றோர் சிந்திக்க வேண்டும். "வளருற பிள்ளை" என்று இரண்டு அளவு பெரிதாக வாங்குவதும், விரல் மடங்கும்வரை பழையதையே மாட்டுவதும் ஒருபோல் தவறானவை. மூன்று மாதங்களுக்கு ஒருமுறை பத்திரிகைத் தாள் சோதனையைச் செய்து பாருங்கள். பாடசாலை விட்டு வந்ததும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு அவர்கள் தாராளமாகக் காலாற ஓடட்டும்.

நோவு தெரியாத பாதம்

இனி, சட்டியில் நீர் சிவந்த அந்தச் சகோதரரிடம் திரும்புவோம்.

கொல்லிமலையில் வாழ்ந்த ஆங்கிலேய மிஷனரிப் பெற்றோருக்கு 1914ஆம் ஆண்டில் பிறந்தவர் டொக்டர் போல் பிராண்ட். இலண்டனில் மருத்துவம் கற்று, 1946ஆம் ஆண்டில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளரின் கைகால்கள் நோயினால் தானாகவே அழுகி உதிர்கின்றன என்று அக்காலத்தில் வைத்தியர்களும் நம்பியிருந்தனர். பிராண்ட் நோயாளரைப் பொறுமையாக அவதானித்தார். அவர்களது தசை அழுகவில்லை, நரம்பு உணர்விழந்திருந்தது. எங்களுக்குச் செருப்பில் ஒரு கல் புகுந்தால் நொண்டுகின்றோம். நின்று அதனை உதறுகின்றோம். நோவு தெரியாதவரோ அக்கல்லின்மேலேயே மைல்கணக்காக நடக்கின்றார். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழும் அழுத்தமே புண்ணாகின்றது என்பதை அவர் நிறுவினார். நோவு என்பது உடலைக் காக்கும் கொடை என்பதே அவர் வாழ்நாள் முழுவதும் வலியுறுத்திய கருத்து.

இக்கண்டுபிடிப்பிலிருந்து ஒரு செருப்புப் பிறந்தது. வேலூருக்கு அருகில் கரிகிரியில் 1955ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட தொழுநோய் ஆய்வு நிலையத்தில், பிராண்டும் அவருடைய துணைவர்களும் நுண்துளை இறப்பர் என்னும் மென்மையான இறப்பரைக் கொண்டு பாதணிகளை உருவாக்கினர். அதன் அமைப்பு எளியது. காலுக்கு அடுத்ததாக, பாரத்தைப் பாதம் முழுவதும் பரப்பிவிடும் மென்மையான நுண்துளை இறப்பர். அதற்குக் கீழே முள் ஏறாத கடினமான அடி. செருப்பு கழன்று போனதையும் அறிய முடியாத கால் என்பதால் கட்டாயமாகப் பின்வார். ஒட்டியும் தைத்தும் செய்வார்களேயன்றி ஓர் ஆணியேனும் அடிக்கமாட்டார்கள். பிராண்ட் 1966ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் வைத்தியசாலைக்குச் சென்றபோது, நீரிழிவு நோயாளரின் பாதப்புண்ணும் இதே காரணத்தினால் வருவதைக் கண்டு, அதே வழியை அவர்களுக்கும் காட்டினார். 2003ஆம் ஆண்டில் அவர் இறந்தார். தமிழ்நாட்டின் வெயிலிலும் வறுமையிலும் பிறந்த அந்த எளிய செருப்பின் தத்துவமே இன்று உலகெங்கும் நீரிழிவுப் பாதச் சிகிச்சையில் கைக்கொள்ளப்படுகின்றது.

எமது நாட்டிலே வளர்ந்தோரில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு இருக்கின்றது. தொழுநோயும் முற்றாக மறையவில்லை. ஆண்டுதோறும் ஆயிரத்துக்கு மேற்பட்ட புதிய நோயாளர் கண்டறியப்படுகின்றனர். ஆகவே நோவு தெரியாத பாதங்கள் எமது வீடுகளிலேயே இருக்கின்றன.

அதனை எவ்வாறு அறிவது? இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகர வைத்தியர்கள் 2011ஆம் ஆண்டில் வெளியிட்ட எளிய முறையொன்று உண்டு. எந்தக் கருவியும் வேண்டாம். நோயாளியைப் படுக்கச்செய்து, கண்ணை மூடச் சொல்லுங்கள். இரு பாதங்களிலும் பெருவிரல், நடுவிரல், சின்னவிரல் ஆகியவற்றின் நுனியை உங்கள் சுட்டுவிரலால் ஒன்றிரண்டு வினாடி மெதுவாகத் தொடுங்கள். அழுத்தவோ தட்டவோ வேண்டாம். தொட்டது தெரிந்தவுடன் அவர் சொல்ல வேண்டும். ஆறு விரல்களில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாவிட்டால் தாமதியாமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

அத்தகையவர்கள் வீட்டுக்குள்ளும் வெறுங்காலுடன் நடக்கக்கூடாது. விரலிடுக்கில் வார் வைத்த சிலிப்பரை அறவே தவிர்க்க வேண்டும். செருப்பை அணியுமுன் தலைகீழாக உதறி, உள்ளே கையால் தடவிப் பார்க்க வேண்டும். புதிய செருப்பை முதல் நாட்களில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் அணியக்கூடாது. கழற்றியதும் சிவந்த இடம் உண்டா எனப் பார்க்க வேண்டும். நாள்தோறும் இரவில் உள்ளங்காலை ஒரு கண்ணாடியில் பார்ப்பது, இயலாவிடில் பிள்ளைகளைப் பார்க்கச் சொல்வது நல்ல வழக்கம். வெந்நீரில் கால் வைக்குமுன் வீட்டார் ஒருவர் முழங்கையால் சூட்டைப் பார்க்க வேண்டும். கால் ஆணியைப் பிளேட்டினால் வெட்டுவதும் சுண்ணாம்பு வைப்பதும் ஆபத்தானவை.

நேர்த்திக்காக வெறுங்காலுடன் நடப்போரையும் இங்கு நினைக்கின்றோம். செல்வச்சந்நிதியிலிருந்து திருகோணமலை, வெருகல் வழியாக வாரக்கணக்கில் கதிர்காமம் நோக்கி நடக்கும் யாத்திரிகர்களும், கோணேசர் மலையின் சுடுகல்லில் நடக்கும் பக்தர்களும், பாலையூற்று லூர்து அன்னையின் திருவிழாவுக்கு வரும் எமது மக்களும் மதிப்புக்குரியவர்கள். ஆனால் நோவு தெரியாத பாதம் உடையவர் சுடுகல்லில் நடப்பது நேர்த்தியாகாது. நோவை உணராதவர் எதனை ஒப்புக்கொடுக்கின்றார்? அவர்கள் அதிகாலையில் அல்லது பொழுது சாய்ந்தபின் வரலாம். தடித்த பருத்திக் காலுறை அணியலாம். ஆலயப் பரிபாலகர்கள் வெளிவீதியில் கயிற்று விரிப்பு இட்டு நீர் தெளித்துவைத்தால் பலரின் பாதங்கள் காக்கப்படும்.

சேர்ந்து செய்யக்கூடியவை

தனியொருவரால் இயலாதது சங்கத்தினால் இயலும். முன்னர் கூறிய மாதர் சங்கத்தில் ஒரு முயற்சி தொடங்கினோம். மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை "பாதம் பார்க்கும் நாள்". இளைஞர்கள் முதியோரின் விரல்களைத் தொட்டுச் சோதிப்பார்கள். பத்திரிகைத் தாளில் பாதம் வரைந்து பெயரெழுதி வைப்பார்கள். சிறுசேமிப்பில் சேர்ந்த பணத்தைக் கொண்டு, பலருக்கான பாதணிகளை ஒன்றாகப் பட்டணத்துக் கடையில் விலைபேசி வாங்குவார்கள். சந்தையடியில் சப்பாத்துத் தைக்கும் ஐயா ஒருவர், பழைய செருப்புகளுக்குப் பின்வார் தைத்துக் கொடுக்கவும் தேய்ந்த அடியை மாற்றவும் முன்வந்தார். "இவ்வளவு நாளும் பிஞ்சதைத்தான் தைச்சன் சுவாமி. இப்பதான் பியாமல் இருக்கத் தைக்கிறன்" என்றார் அவர். அவரது கைத்திறனை மதிக்காத சமூகம் தன் கால்களையும் மதிக்கவில்லை என்பதை நாம் அன்று உணர்ந்தோம்.

இதற்குப் பெருந்தொகை வேண்டியதில்லை. வெளிநாட்டு உதவியும் வேண்டியதில்லை. ஒரு தாள், ஒரு பென்சில், தொட்டுப் பார்க்க ஒரு விரல், குனிந்து பார்க்க ஒரு மனம், இவையே போதும்.

கடந்த பெரிய வியாழனில் அந்தச் சகோதரர் மீண்டும் வந்து அமர்ந்தார். எட்டு விரல்கள். புண் எதுவும் இல்லை. அகன்ற வார்களும் மென்மையான அடியும் கொண்ட செருப்பைக் கழற்றி, அருகில் ஒழுங்காக வைத்திருந்தார். நீர் வார்த்தோம். சட்டியில் நீர் தெளிந்தே இருந்தது. "சுவாமி, மகனுக்கும் இதே மாதிரி ஒரு சோடி வாங்கிக் குடுத்திட்டன்" என்று காதோடு சொன்னார்.

அன்பான வாசகர்களே, இன்றிரவு படுக்கைக்குச் செல்லுமுன் உங்கள் வீட்டிலுள்ள முதியவரின் பாதத்தை ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள். வாசலில் கிடக்கும் அவரது செருப்பையும் திருப்பிப் பாருங்கள். செய்யவேண்டியது என்னவென்பதை அவையிரண்டும் உங்களுக்குச் சொல்லும்.